ஆங்கிலத்தில் 70, சீனத்தில் 70: இரண்டும் ஒன்றுதானா?

சிங்கப்பூரில் ஒரு புற்றுநோய் மருந்தைச் சோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மருத்துவமனை, ஒரே மருந்து, ஒரே டாக்டர். ஆய்வில் சேர்ந்தவர்களில் ஒருவர் 45 வயது வங்கி ஊழியர், அவருக்கு ஆங்கிலக் கேள்வித்தாள் கொடுக்கிறார்கள். இன்னொருவருக்கு 68 வயது, கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பவர், சீன எழுத்து மட்டும்தான் படிப்பார், அவருக்குச் சீனக் கேள்வித்தாள். தெம்பாக இருக்கிறீர்களா, வலி இருக்கிறதா, வீட்டு வேலை செய்ய முடிகிறதா, மனம் சோர்ந்து கிடக்கிறதா என்று இருவரிடமும் கேட்கிறார்கள். விடைகள் எண்களாகின்றன. அப்புறம் இரண்டு பேரின் எண்களையும் ஒரே பத்தியில் போட்டு, கூட்டி, சராசரி எடுத்து, "இந்த மருந்தால் நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் இவ்வளவு கூடியது" என்று எழுதுகிறார்கள்.

அந்தக் கூட்டலைச் செய்ய யார் அனுமதி கொடுத்தது? கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் போனால் புள்ளியியல், மொழி, ஒரு நாட்டின் பள்ளிக்கூட வரலாறு எல்லாம் வந்து நிற்கிறது. நல்ல மொழிபெயர்ப்பு இருந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போதாது. மொழிபெயர்ப்பு நன்றாக இருப்பது ஒரு விஷயம். அளவு ஒன்றாக இருப்பது வேறு விஷயம். இரண்டாவதை நிரூபிப்பது ரொம்பக் கடினம், அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கேள்வித்தாள்கள் என்னவென்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கருவியால் அளக்கலாம். ஒருவர் தன் உடம்போடு எப்படி வாழ்கிறார் என்பதை அவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். அதற்காக உருவானவற்றில் மிகப் பெயர்பெற்றது எஸ்எஃப்-36. அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் பெரிய மருத்துவ ஆய்வு ஒன்றிலிருந்து பிறந்தது, ஜான் வேரும் கேத்தி ஷெர்போர்னும் 1992ல் வெளியிட்டார்கள். 36 கேள்விகள். நடமாட்டம், உடல்வலி, தெம்பு, மனநலம், மற்றவர்களோடு பழகுவது என்று எட்டு அளவுகள், ஒவ்வொன்றும் 0 முதல் 100 வரை. ஈக்யூ-5டி இன்னும் சின்னது, ஐந்தே கேள்விகள்: நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, அன்றாட வேலைகள், வலி, மனக்கவலை. கூடவே 0 முதல் 100 வரை குறிக்க ஒரு செங்குத்துக் கோடு. புற்றுநோய்க்கென்று இருப்பது டேவிட் செல்லா குழுவினர் 1993ல் வெளியிட்ட ஃபேக்ட்-ஜி. இன்று புழங்கும் வடிவத்தில் 27 கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி, மொத்தம் 108. இன்னொன்று ஃபிளிக், 1984ல் கனடாவில் உருவான 22 கேள்விகள்.

இவற்றின் எண்களை வைத்துத்தான் எந்த மருந்து நல்லது, எந்தச் சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கலாம், எந்தப் பிரிவு மக்கள் பின்தங்கிக் கிடக்கிறார்கள் என்றெல்லாம் பேசுகிறார்கள். அதனால் எண் தப்பானால் தப்பு காகிதத்தோடு நிற்காது.

சரி, ஏன் சிங்கப்பூர்? பெய்ஜிங்கில் சீனத்தில் கேட்டதையும் லண்டனில் ஆங்கிலத்தில் கேட்டதையும் ஒப்பிட்டால், எண் வேறுபடுவதற்கு மொழிதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. சாப்பாடு வேறு, மருத்துவமனை வேறு, வீடு வேறு, சம்பளம் வேறு. சிங்கப்பூரில் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில், ஒரே மருத்துவ வசதியோடு, ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு பேர் இரண்டு மொழிகளில் படிக்கிறார்கள். சூழல் ஏறக்குறைய ஒன்று, மொழிதான் வேறு. இவ்வளவு வசதியான இடம் உலகத்தில் அதிகம் கிடையாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 48.3 சதவீதம் பேர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம், 29.9 சதவீதம் பேர் சீனப் பொதுமொழியான மாண்டரின். பத்து வருஷத்துக்கு முன்னால் ஆங்கிலம் 32.3 சதவீதம்தான். ஒரே சமூகம் கண்ணெதிரே மொழி மாறிக்கொண்டிருக்கிறது.

அங்கே இந்த வேலையைச் சிலர் ஆண்டுக்கணக்கில் செய்திருக்கிறார்கள். கடும் நோயாளிகளின் துன்பத்தைத் தணிக்கும் மருத்துவத்தில் பெயர்பெற்ற சிந்தியா கோ தொண்ணூறுகளிலேயே ஃபிளிக் கேள்வித்தாளைச் சீனத்துக்கும் மலாய்க்கும் கொண்டுவந்த அனுபவத்தை எழுதினார். மூட்டுநோய் மருத்துவர் ஜூலியன் தம்பூவும் அவரோடு இருந்தவர்களும் பிரிட்டன் ஆங்கில எஸ்எஃப்-36ஐயும் ஹாங்காங் சீன எஸ்எஃப்-36ஐயும் ஆயிரக்கணக்கான சிங்கப்பூர் மக்களிடம் கொடுத்துப் பார்த்து 2001ல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு இரண்டு மொழியும் தெரிந்தவர்களை வைத்து இன்னொரு ஆய்வு. 2004ல் புள்ளியியலாளர் சியுங் யின் பன் குழுவினர் ஃபேக்ட்-ஜி, ஃபிளிக் இரண்டின் ஆங்கில, சீன வடிவங்களை ஒப்பிட்டு எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'ஒத்திருப்பதும் வேறுபடுவதும்' என்ற பொருள் இருக்கும். இரண்டையும் சேர்த்துச் சொன்னது நேர்மையான காரியம். ஏனென்றால் "ஒன்றேதான்" என்றோ "வேறேதான்" என்றோ ஒரே வரியில் முடிக்கக்கூடிய விஷயமே இல்லை இது.

மொழிபெயர்ப்புப் பக்கத்தை வேகமாகத் தாண்டிவிடலாம், ஏனென்றால் அதில் உலகம் ஓரளவு தேறிவிட்டது. இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள், உட்கார்ந்து பேசி ஒன்றாக்குவார்கள், மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார், முரண் இருந்தால் திருத்துவார்கள். அப்புறம் சில நோயாளிகளிடம் கொடுத்து, "இந்தக் கேள்வியில் என்ன கேட்கிறார்கள் என்று உங்களுக்குப் படுகிறது?" என்று கேட்டுப் பார்ப்பார்கள். இந்தக் கடைசிப் படிதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது என்பது என் எண்ணம், ஆனால் நேரமும் பணமும் குறையும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுதான். பொருளையும் மாற்ற வேண்டியிருக்கும். அமெரிக்க மூலத்தில் மிதமான வேலைக்கு உதாரணமாக கோல்ஃப் விளையாடுவது வரும், ஹாங்காங் வடிவத்தில் அந்த இடத்தில் மெதுவாகச் செய்யும் சீன உடற்பயிற்சியான தாய்ச்சி வந்தது. மைல் கிலோமீட்டரானது. இதெல்லாம் நியாயமான மாற்றங்கள். ஆனால் கோல்ஃபும் தாய்ச்சியும் உடம்பிடம் ஒரே அளவு உழைப்பைத்தான் கேட்கின்றனவா என்பது மொழிபெயர்ப்பாளர் மேஜையில் முடிவாகிற விஷயம் இல்லை, ஆட்களிடம் அளந்துதான் பார்க்க வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் தொண்ணூறுகளில் டபிள்யூஹெச்ஓகியூஓஎல் என்ற கேள்வித்தாளை உருவாக்கியபோது ஒரு மொழியில் எழுதி மற்றவற்றுக்கு மாற்றவில்லை. பதினைந்து மையங்களில் ஒரே சமயத்தில் வேலை தொடங்கினார்கள், அதில் அன்றைய மெட்ராஸும் ஒன்று. எந்த ஊர்க்காரருக்கு எது முக்கியம் என்பது தொடக்கத்திலேயே உள்ளே வந்துவிடும். நல்ல வழிதான். ஆனாலும் கடைசியில் அதே கேள்வி அங்கேயும் வரும்: மெட்ராஸின் 70ம் டோக்கியோவின் 70ம் ஒன்றா?

இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம். மிக எளிய வழி, ஆங்கிலத்தில் நிரப்பியவர்களின் சராசரியையும் சீனத்தில் நிரப்பியவர்களின் சராசரியையும் பக்கத்தில் வைப்பது. இது கிட்டத்தட்ட எப்போதும் ஏமாற்றும். சிங்கப்பூரில் 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலம்தான் பாடமொழி. அதற்கு முன்னால் சீன வழிப் பள்ளியில் படித்தவர்கள் இன்று வயதானவர்கள். அவர்களில் பலர் குறைந்த வருமானத்தில் வாழ்ந்தவர்கள். ஆங்கிலம் கேட்ட வேலைகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆக, சீனக் கேள்வித்தாளில் குறைந்த எண் வந்தால், அது கேள்வித்தாள் செய்த வேலையா, மூட்டுவலியோடு மாடிப்படி ஏறும் உண்மையான முதுமையா?

வயது, படிப்பு, வருமானம், நோயின் நிலை எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து சரிக்கட்டலாம், அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. 'பத்து வருஷப் படிப்பு' என்று இரண்டு பேருக்கும் ஒரே எண்ணை எழுதுகிறோம். ஆங்கில வழியில் படித்த பத்து வருஷமும் சீன வழியில் படித்த பத்து வருஷமும் அந்த ஊரில் ஒரே வாழ்க்கையைக் கொடுக்கவில்லை. அரசு வேலை, பதவி உயர்வு, டாக்டரிடம் தைரியமாகக் கேள்வி கேட்கும் பழக்கம் எல்லாவற்றிலும் அந்த வித்தியாசம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் கணக்கில் சரிக்கட்டிய பிறகும் மிச்சமாகத் தெரியும் வேறுபாட்டை "இதோ, மொழியின் விளைவு" என்று சொல்ல நான் தயங்குவேன்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு, வெளியான கட்டுரைகளிலேயே சாதாரணமாகப் பார்க்கலாம். இரண்டு சராசரிக்கும் புள்ளியியல் சோதனை வைப்பார்கள். 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று வரும். உடனே "இரண்டு வடிவங்களும் சமம்" என்று எழுதிவிடுவார்கள். வேறுபாடு தெரியவில்லை என்பதற்கும் வேறுபாடு இல்லை என்பதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. பத்துப் பேரை மட்டும் கேட்டால் எந்த வேறுபாடும் தெரியாது, அதனால் சமம் என்று ஆகிவிடுமா? இப்படிப் பார்த்தால் ஆய்வு எவ்வளவு சின்னதோ அவ்வளவு சுலபமாக 'சமம்' கிடைக்கும், அக்கறையில்லாமல் செய்தவருக்குப் பரிசு கொடுக்கிற மாதிரி.

சரியான வழி தலைகீழானது. முதலில் எவ்வளவு வேறுபாடு இருந்தால் பரவாயில்லை என்று முன்கூட்டியே ஓர் எல்லை போட வேண்டும். எஸ்எஃப்-36ன் 100 புள்ளி அளவில் 5 புள்ளி வித்தியாசத்தை மருத்துவ ரீதியில் பொருட்படுத்தத் தக்கது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். சரி, கூட்டலும் கழித்தலுமாக 5 என்று எல்லை. அப்புறம் தரவிலிருந்து கிடைக்கும் சராசரி வேறுபாட்டைச் சுற்றி, உண்மை எங்கே இருக்கக்கூடும் என்பதைக் காட்டும் 95 சதவீத வரம்பைக் கணக்கிடுகிறோம். அந்த வரம்பு முழுவதும் எல்லைக்குள் அடங்கினால் மட்டும்தான் சமம் என்று சொல்லலாம். ஓரம் வெளியே நீட்டினாலும் சொல்லக் கூடாது.

எண்களை வைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். ஓர் அளவில் ஆட்களுக்கிடையே உள்ள பரவல், அதாவது திட்ட விலக்கம், 20 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்த அளவுகளில் அது சாதாரணம். மொழிக்கு 50 பேர் வீதம் கேட்டால் 95 சதவீத வரம்பு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 8 புள்ளி. 100 பேர் வீதம் கேட்டாலும் 5.5 புள்ளி. அதாவது இரண்டு சராசரியும் புள்ளி பிசகாமல் ஒன்றாக வந்தாலும், வரம்பு 5ஐத் தாண்டிவிடுகிறது, 'சமம்' என்று சொல்ல வழியில்லை. 400 பேர் வீதம் போனால்தான் அது 2.8க்கு வருகிறது, கொஞ்சம் மூச்சு விடலாம். வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதைவிட வேறுபாடு இல்லை என்று காட்ட அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது, அந்த உழைப்பில்லாமல் வரும் 'சமம்' எதையும் நான் நம்புவதில்லை.

அந்த 5 புள்ளியும் வானத்திலிருந்து விழுந்ததில்லை, மனிதர்கள் பேசி வைத்துக்கொண்டது. சிலர் திட்ட விலக்கத்தில் பாதியை எல்லையாக எடுப்பார்கள். 20க்குப் பாதி 10, அது எனக்குத் தாராளமாகத் தெரிகிறது. ஒரு மருந்தே ஐந்தாறு புள்ளிதான் உயர்த்தும் என்றால், கேள்வித்தாளின் மொழி 9 புள்ளி ஆட்டலாம் என்று அனுமதிப்பது எப்படிச் சரியாகும்? எல்லை எவ்வளவு, அதை ஆய்வுக்கு முன்னால் போட்டார்களா, பின்னால் போட்டார்களா என்பதைத்தான் ஒரு கட்டுரையில் நான் முதலில் தேடுவேன்.

ஆள் எண்ணிக்கைப் பிரச்சினைக்கு அழகான ஒரு தீர்வு உண்டு: இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்த ஒருவரிடமே இரண்டையும் கொடுப்பது. பாதிப் பேருக்கு முதலில் ஆங்கிலம், கொஞ்ச நாள் கழித்துச் சீனம். மீதிப் பேருக்கு முறை மாற்றி. யாருக்கு எது முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். வயது, படிப்பு, நோய் எல்லாம் தானாகவே சமமாகிவிடும், ஏனென்றால் ஆள் ஒன்றுதான். கணக்கும் லேசாகிறது: ஒருவரின் இரண்டு விடைகளுக்கும் 0.8 அளவுக்கு ஒட்டுறவு (1 என்றால் முழுக்க ஒத்துப்போவது) இருந்தால், வெறும் 100 பேரை வைத்தே வரம்பை 2.5 புள்ளிக்குக் கொண்டுவந்துவிடலாம். 400 வீதம் 800 பேர் செய்த வேலையை 100 பேர் செய்துவிடுகிறார்கள்.

ஆனால் இருமொழிக்காரர் யார்? இரண்டு மொழியிலும் சரளமாகப் படிக்கும் ஒருவர், பெரும்பாலும் இளையவர், படித்தவர். சீனம் மட்டுமே படிக்கும் அந்த 68 வயதுக்காரருக்கு அவர் பிரதிநிதி ஆக முடியுமா? சீனக் கேள்வி மங்கலாக இருந்தால், இருமொழிக்காரர் மனதுக்குள் ஆங்கிலத்தில் தெளிவுபடுத்திக்கொண்டு பதில் எழுதிவிடுவார். கேள்வித்தாளின் குறையை அவருடைய திறமை மூடிவிடும். இடைவெளியையும் யோசிக்க வேண்டும். ரொம்பக் குறுகினால் முன்பு எழுதியது நினைவிருக்கும், நீண்டால் உடல்நிலையே மாறிவிடலாம், அதுவும் கீமோ எடுப்பவருக்கு ஒரு வாரம் என்பது பெரிய காலம். அதனால் இருமொழி ஆய்வு மட்டும் போதாது, பெரிய ஒப்பீடு மட்டும் இருந்தாலும் போதாது. இரண்டும் வேண்டும், இரண்டின் ஓட்டைகளும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் இரண்டும் ஒரே பதிலைச் சொல்லும்போதுதான் நம்பிக்கை வருகிறது. சிங்கப்பூர்க் குழுவினர் எஸ்எஃப்-36க்கு இரண்டையும் செய்தது சரியான முடிவு.

மொத்த எண்ணை விட்டுவிட்டு ஒவ்வொரு கேள்வியாகவும் பார்க்க முடியும். மொத்தத்தில் ஒரே நிலையில் இருக்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள், ஒருவர் ஆங்கிலத்தில் நிரப்பியவர், மற்றவர் சீனத்தில். ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டும் சீனத்தில் நிரப்பியவர்கள் தொடர்ந்து குறைவாகப் போடுகிறார்கள் என்றால், அந்தக் கேள்வி மொழிக்கு ஏற்ப வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்று பொருள். ஒரு கேள்வி மேலே இழுக்க, இன்னொன்று கீழே இழுக்க, மொத்தத்தில் சரியாகிப்போவதும் நடக்கும். அப்போது மொத்த எண்ணைப் பயன்படுத்துபவருக்குக் கவலையில்லை, தனிக் கேள்விகளை எடுத்துப் பேசுபவருக்கு ஆபத்து. இந்த முறைக்கு ஒரு குருட்டுப் புள்ளியும் உண்டு: எல்லாக் கேள்விகளும் ஒரே திசையில், ஒரே அளவு நகர்ந்திருந்தால் இதன் கண்ணுக்கு எதுவும் படாது, ஏனென்றால் இது கேள்விகளை ஒன்றோடொன்றுதான் ஒப்பிடுகிறது. 'சந்தோஷமாக இருக்கிறேன்' என்று அழுத்திச் சொல்லத் தயங்கும் வளர்ப்பு எல்லா விடைகளையும் கொஞ்சம் கீழே தள்ளினால், கேள்வி வாரியான சோதனை எல்லாம் சரி என்று சொல்லிவிடும்.

அந்தத் தயக்கம் கற்பனை இல்லை. மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள்களில் 'நம்பிக்கையோடு இருந்தேன்', 'மகிழ்ச்சியாக இருந்தேன்' என்ற நேர்மறைக் கேள்விகளுக்குக் கிழக்காசிய மக்கள் குறைவாகப் போடுவதும், எதிர்மறைக் கேள்விகளில் அப்படிப் பெரிய வேறுபாடு இல்லாததும் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. மனச்சோர்வு அதிகம் என்று அதை வாசித்தால் தப்பு. தன்னை உயர்த்திச் சொல்லாத பண்பாடு எண்ணுக்குள் நுழைந்திருக்கிறது.

எனக்கு இந்த விஷயத்திலேயே மிகச் சுவையாகப் படுவது தெம்பு பற்றிய கேள்விகள். எஸ்எஃப்-36ஐ உருவாக்கியவர்கள் எட்டு அளவுகளையும் உடல், மனம் என்று இரண்டு பெரிய தொகுப்பாகச் சுருக்கினார்கள். அமெரிக்கத் தரவில் தெம்பு இரண்டு பக்கமும் கால் வைத்து நடுவில் நின்றது. சீன மொழித் தரவுகளில் அது மனத்தின் பக்கம் அதிகம் சாய்ந்தது. மொழிபெயர்ப்புக் கோளாறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் 1982ல் வெளியிட்ட ஆய்வில், சீனாவின் ஹுனான் மருத்துவக் கல்லூரிக்கு 'நரம்புத் தளர்ச்சி' என்று வந்த 100 நோயாளிகளைப் பார்த்தார். தலைவலி, களைப்பு, தூக்கமின்மை என்றுதான் சொன்னார்கள். அவர்களில் 87 பேருக்கு மேற்கத்திய வரையறைப்படி கடும் மனச்சோர்வு இருந்தது. மனம் நொந்ததை உடம்பின் களைப்பாக உணர்ந்து, அப்படியே சொல்லும் ஒரு சமூகத்தில் 'களைப்பாக இருந்தீர்களா' என்ற கேள்வி மனத்தையும் சேர்த்துத்தான் அளக்கும். தமிழ் வாசகருக்கு இது ஒன்றும் புதிதல்ல, நம் வீட்டுப் பெரியவர்கள் 'உடம்பே அசதியா இருக்கு' என்று சொல்வதில் எவ்வளவு மனசு இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

இதன் விளைவு கணக்கில் வந்து இடிக்கிறது. உடல் தொகுப்பையும் மனத் தொகுப்பையும் கணக்கிட எந்த அளவுக்கு எவ்வளவு பங்கு என்று அமெரிக்க மக்களின் விடைகளிலிருந்து பெற்ற மதிப்புகளைத்தான் உலகெங்கும் போடுவது வழக்கம். சீனத்தில் நிரப்பியவரின் தெம்பு எண் மனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, சூத்திரம் அதில் ஒரு பங்கை உடல் கணக்கிலும் எழுதுகிறது. அதனால் எட்டு அளவுகளும் ஏறக்குறைய ஒத்திருந்தாலும் தொகுப்பு எண்களும் ஒத்திருக்கும் என்று சொல்ல முடியாது. இதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

'சீன வடிவம்' என்று ஒருமையில் எழுதுவதும் முழுக்கச் சரியில்லை. எஸ்எஃப்-36க்கு ஹாங்காங்கில் ஒன்று, தைவானில் ஒன்று, ஹாங்சோவில் செய்து 2003ல் வெளியான பெருநிலச் சீன வடிவம் ஒன்று. ஹாங்காங் பழைய எழுத்து முறை, சிங்கப்பூர் எளிய எழுத்து. ஒரு வடிவத்துக்குக் கிடைத்த சான்றிதழை இன்னொன்றுக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது.

யார் படித்துக் காட்டுகிறார் என்பதும் உண்டு. சிங்கப்பூரில் மூத்த சீனர்கள் பலர் வீட்டில் ஹொக்கியன், தியோச்சியூ, கேன்டனீஸ் போன்ற வேறு சீனப் பேச்சுமொழிகள் பேசுபவர்கள், பள்ளிக்கே போகாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டும். ஃபேக்ட்-ஜியில் 'இறந்துபோவேனோ என்று கவலைப்படுகிறேன்' என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஆங்கிலம் படித்தவர் அதைத் தனியாக உட்கார்ந்து தானே நிரப்புகிறார். சீனம் பேசும் பெரியவருக்கு மகளோ நர்ஸோ படித்துக் காட்டுகிறார். மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த அப்பா "ஆமாம், ரொம்பவே" என்று சொல்வார்? அந்தக் கேள்வியில் இரண்டு மொழிக்கும் வேறுபாடு வந்தால், அதில் மொழியின் பங்கு எவ்வளவு, மகளின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க, எப்படி நிரப்பப்பட்டது என்பதையும் எழுதி வைத்திருக்க வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் செய்ய வேண்டிய நேரம் நிரப்பும் அன்றுதான், பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

இவ்வளவும் கேட்ட பிறகு, அப்படியானால் இரண்டு மொழி எண்களையும் கூட்டவே கூடாதா என்று தோன்றலாம். கூட்டலாம், எதற்காகக் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து. குலுக்கல் முறையில் மருந்து ஆய்வு நடக்கும்போது, புது மருந்துக் குழுவிலும் பழைய மருந்துக் குழுவிலும் ஆங்கிலமும் சீனமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருக்கும். சீன வடிவம் எல்லோருக்கும் 3 புள்ளி குறைத்துக் காட்டினாலும் இரண்டு குழுவிலும் அது ஒரே அளவுதான் குறைக்கும், மருந்துகளுக்கு இடையிலான வேறுபாடு கோணாது. மொழிவாரியாகப் பிரித்துக் குலுக்கினால் இன்னும் உறுதி. ஆனால் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று இனங்களையோ, சிங்கப்பூர், பிரிட்டன் என்று நாடுகளையோ ஒப்பிடும்போது இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே அந்த 3 புள்ளி நேராக முடிவுக்குள் போய் உட்காரும். ஒரு சமூகம் நோயாளிச் சமூகம் என்று தவறாகப் பெயர் வாங்கும், அல்லது கஷ்டப்படும் ஒரு சமூகம் நலமாக இருப்பதாகப் பதிவாகும்.

வேறுபாடு வரும் என்று பயந்து ஆங்கிலம் படிப்பவர்களை மட்டும் ஆய்வில் சேர்ப்பது எல்லாவற்றிலும் மோசமான வழி. அளவு சுத்தமாக இருக்கும், ஆனால் யாரை அளந்தோம்? வயதானவர்கள், ஏழைகள், நோய் முற்றி வந்தவர்கள் வெளியே நிற்பார்கள், அவர்களுக்குத்தான் அந்த மருந்து அதிகம் கொடுக்கப்படும். கொஞ்சம் ஆடும் அளவுகோலால் எல்லோரையும் அளப்பது, துல்லியமான அளவுகோலால் பாதிப் பேரை அளப்பதைவிட மேல் என்று உறுதியாக நம்புகிறேன்.

இங்கேதான் சிங்கப்பூர்த் தமிழர் கதையும் வருகிறது. நான்கு ஆட்சிமொழிகளில் தமிழ் ஒன்று, ஆனால் 2020 கணக்கில் வீட்டில் தமிழ் அதிகம் பேசுபவர்கள் 2.5 சதவீதம். ஈக்யூ-5டியின் சிங்கப்பூர் மலாய், தமிழ் வடிவங்களைச் சோதித்த ஆய்வு 2007ல் வந்தது, அது மதிக்க வேண்டிய வேலை. ஆனால் மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: மொழிக்கு 400 பேர். ஒரு குறிப்பிட்ட புற்றுநோய்க்கு, ஒரு மருத்துவமனையில், தமிழில் நிரப்ப விரும்பும் 400 பேர் எங்கே கிடைப்பார்கள்? சீனத்துக்குச் சாத்தியமான நிரூபணம் தமிழுக்கு எண்ணிக்கையாலேயே தடைபடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைச் சேர்த்தால் எண்ணிக்கை வரும், ஆனால் ஊரும் மருத்துவமனையும் வாழ்க்கையும் மாறிவிடும், ஒரே சூழல் என்ற சிங்கப்பூரின் பெரிய வசதி போய்விடும்.

இருமொழி ஆய்வுதான் அங்கே பொருத்தம் என்று நினைக்கிறேன். சிங்கப்பூர்த் தமிழர்களில் தமிழும் ஆங்கிலமும் படிப்பவர்களுக்குக் குறைவில்லை, 100 பேர் என்பது எட்டக்கூடிய எண். ஒரே நோய் என்று குறுக்காமல் சர்க்கரை, மூட்டுவலி, இதயநோய் என்று பல பிரிவுகளிலிருந்தும் சேர்க்கலாம், பொதுவான கேள்வித்தாளுக்கு அது தடையில்லை. தமிழ் மட்டும் படிக்கும் பெரியவர்களுக்கு, நிரப்பிய பிறகு ஒவ்வொரு கேள்வியையும் என்னவென்று புரிந்துகொண்டார்கள் எனக் கேட்கும் பேட்டியைக் கூடச் சேர்த்துவிட்டால், இருமொழிக்காரரின் திறமை மூடி மறைக்கும் குறைகளும் வெளியே வரும். அதுவரை, எந்த ஆய்வானாலும் ஒவ்வொரு விடைத்தாளின் மேலும் எந்த மொழி, தானே நிரப்பினாரா, படித்துக் காட்டினார்களா, படித்தவர் யார் என்ற மூன்று விவரங்களையும் குறித்து வைக்கலாம், பின்னால் பல ஆய்வுகளின் தமிழ் விடைத்தாள்களை ஒன்று சேர்த்துப் பார்க்க வழி கிடைக்கும்.